பேர் போட்டது யார்?

சப்ரகமுவத் தோட்டங்களில் ஒரு நாள் வேலைக்கு ‘ஒரு பேர்’ என்று சொல்வார்கள். விடியலில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்துக்கு வந்து, கொடுத்த மலைக்குப் போய், கேட்ட நிறைக்குக் கொழுந்தெடுத்துத் தராசில் போட்டால் செக்ரோல் என்னும் கணக்கேட்டில் ஒரு பேர் விழும். நிறை குறைந்தால் அரைப் பேர். மாத முடிவில் பெண்கள் ஒருவரையொருவர், “இந்த மாசம் ஒனக்கு எத்தன பேரு?” என்றுதான் கேட்பார்கள். உழைக்கிற உடம்பு ஒன்று, பேர் எழுதுகிற கை இன்னொன்று. அந்தக் கை எழுதினால்தான் அன்றைய உழைப்பு நடந்ததாகக் கணக்கு.

இந்தச் சின்னச் சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரிய கேள்விக்குப் போகலாம். நாம் வாழும் இந்தத் தீவுக்குப் பேர் போட்டது யார்? தாமிரபரணி, தப்ரபேன், சரந்தீப், ஈழம், இலங்கை, சிலோன், ஸ்ரீ லங்கா என்று இத்தனை பேர் எப்படி விழுந்தன? ஒவ்வொன்றையும் வைத்தவர் எங்கே நின்று வைத்தார்? அந்தப் பட்டியலில், இங்கே காடு வெட்டி மலையைத் தோட்டமாக்கியவர்கள் வைத்த பேருக்கு இடம் உண்டா? ஒவ்வொரு அடுக்காக எடுத்துப் பார்ப்போம்.

வடகடலில் ஒரு முன்கதை

தீவுகளுக்குப் பேர் விழும் விதத்தை விளங்கிக்கொள்ள வடகோடியிலுள்ள ஐஸ்லாந்தின் கதை உதவும். 9ஆம் நூற்றாண்டில் நோர்வேப் பக்கத்துக் கடலோடிகள் ஒருவர்பின் ஒருவராக அந்தத் தீவை அடைந்ததை ‘லாண்ட்நாமாபோக்’ என்ற பழைய ஐஸ்லாந்திய நூல் சொல்கிறது. காற்றில் வழி தவறி வந்த நட்டோட் என்பவர் மலையேறிப் பார்த்தார். மனித நடமாட்டமே இல்லை. கிளம்பும் வேளையில் மலைகளில் பனி கொட்டியது. அதைப் பார்த்து ‘பனிநாடு’ என்று பேர் வைத்தார். அடுத்து வந்த கார்தர் கரையோரமாகச் சுற்றிவந்து அது தீவுதான் என்று கண்டுகொண்டார்; அது ‘கார்தர் தீவு’ ஆயிற்று.

மூன்றாவதாக வந்தவர் ஃப்ளோக்கி. குடியேறிவிடும் எண்ணத்தில் கால்நடைகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். அங்கே கடலில் மீன் அப்படிக் கொழித்தது. மீன்பிடியிலேயே மூழ்கிப்போனவர்கள் குளிர்காலத்துக்கு வைக்கோல் சேர்க்க மறந்தார்கள். கால்நடைகள் எல்லாம் செத்துப்போயின. வசந்தமும் குளிராகவே வந்தது. ஃப்ளோக்கி உயர்ந்த மலையொன்றில் ஏறி வடக்கே பார்த்தார். கடலின் கை ஒன்று நிலத்துக்குள் நுழைந்திருந்தது. அது முழுவதும் மிதக்கும் பனிக்கட்டி. மனம் கசந்த நிலையில் அவர் வைத்த பேர்தான் ஐஸ்லாந்து, பனிக்கட்டி நாடு. அதே பயணத்தில் கூடப் போன தோரோல்ஃப் என்பவரோ, அங்கே ஒவ்வொரு புல்லிலும் வெண்ணெய் சொட்டுகிறது என்று ஊரில் வந்து சொன்னார். தீவு ஒன்றுதான், பார்த்த கண்கள் இரண்டு. 10ஆம் நூற்றாண்டின் கடைசியில் எரிக் என்பவர் அதற்கு மேற்கே பனி மூடிய இன்னொரு பெருந்தீவைக் கண்டு, நல்ல பேராக வைத்தால் ஆட்கள் விரும்பி வருவார்கள் என்று எண்ணி அதற்குப் ‘பசுமை நாடு’, கிரீன்லாந்து என்று பேர் சூட்டினார்.

இந்த நாலு பேரிலும் நாலு விதம் தெரிகிறது. ஒன்று கண்ணில் பட்ட காட்சி. ஒன்று ஆளின் பேர். ஒன்று பட்ட துன்பம். ஒன்று ஆள் பிடிக்கும் ஆசை வார்த்தை. ஒரு நாட்டின் பேரைக் கேட்டால், அதை வைத்தவர் அன்று எங்கே நின்றார், என்ன மனத்தோடு நின்றார் என்பது விளங்கும். இந்த உரைகல்லோடு நம் தீவுக்கு வருவோம்.

செம்மண்ணும் சிங்கமும் மணியும்

விசயனும் அவன் கூட்டத்தாரும் கரையிறங்கிய கதையைப் பாளி நூலான மகாவம்சம் சொல்கிறது. கடற்பயணத்தில் களைத்தவர்கள் தரையில் கை ஊன்றி உட்கார்ந்தார்கள். செம்மண் ஒட்டிக் கைகள் செம்பு நிறமாயின. அதனால் அந்த இடமும் பிறகு தீவும் ‘தம்பபண்ணி’, அதாவது தாமிரபரணி, ஆயின என்கிறது அந்த நூல். ஃப்ளோக்கியைப் போலவே, களைத்து வந்தவன் கண்ணில் முதலில் பட்டது பேராயிற்று என்று சொல்கிற கதை இது. கதை ஒருபுறம் இருக்க, பேர் மிகப் பழையது என்பதில் ஐயமில்லை. கி.மு. 3ஆம் நூற்றாண்டு அசோகன் கல்வெட்டுகளில் சோழர், பாண்டியர் பேர்களுக்குப் பக்கத்தில் தம்பபண்ணியும் இருக்கிறது. கிரேக்கர் காதில் அது தப்ரபேன் என்று விழுந்தது. மன்னார்க் கடலுக்கு அந்தப் பக்கம் திருநெல்வேலிச் சீமையில் ஓடும் ஆற்றுக்கும் தாமிரபரணி என்றே பேர். ஆறும் தீவும் எதிரெதிரே ஒரே பேரைத் தாங்கி நிற்கின்றன. அந்த ஆற்றங்கரை ஊர்களிலிருந்து புறப்பட்டுவந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று களனிப் பள்ளத்தாக்குத் தோட்டங்களில் இருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போது, அந்தப் பழைய பேர் ஏட்டுச் சொல்லாகத் தோன்றவில்லை.

அடுத்த அடுக்கு சிங்கம். விசயன் வம்சத்தின் சிங்கக் கதையோடு சேர்ந்தது ‘சீஹள’ என்ற சொல். 2ஆம் நூற்றாண்டில் தொலமி இத்தீவைச் ‘சாலிகே’ என்று குறித்தார். 6ஆம் நூற்றாண்டில் கொஸ்மாஸ் என்ற அலெக்சாந்திரிய வணிகத் துறவி, இந்தியர் இதைச் ‘சீலெதீபா’ என்கிறார்கள், கிரேக்கர் தப்ரபேன் என்கிறார்கள் என்று எழுதிவைத்தார். சீஹளதீப என்பதே அரபுக் கப்பல்காரர் நாவில் சரந்தீப் ஆயிற்று. அரபு, பாரசீக, ஐரோப்பிய வாய்களில் புழங்கிய சைலான், போர்த்துக்கேயரின் செய்லாவ், ஆங்கிலேயரின் சிலோன் எல்லாம் அதே வேரின் கிளைகள். 1754இல் ஹொரேஸ் வால்போல் என்ற ஆங்கிலேயர் சரந்தீப்பின் மூன்று இளவரசர் கதையைப் படித்துவிட்டு, எதிர்பாராமல் நல்லது கிடைப்பதற்கு ‘செரண்டிப்பிட்டி’ என்ற சொல்லை உருவாக்கினார். தேடாமல் கிடைக்கும் பேற்றுக்கு உலக மொழிகளில் நம் தீவின் பேர் வழங்குகிறது.

மூன்றாவது அடுக்கு மணி. இது நேராக நம் சப்ரகமுவ மாகாணத்தைத் தொடுகிறது. இந்தத் தீவில் மணிக்கல் கிடைப்பதைக் கொஸ்மாஸ் தனியாகக் குறிப்பிட்டார். வடமொழியிலும் தமிழிலும் ‘இரத்தின தீவம்’ என்ற பேர் வழங்கியது. கடலோடிகள் துறைமுகத்தில் கைமாற்றிய மணி, தீவின் உள்ளே களு கங்கைப் படுகையில் பிறந்தது. இரத்தினபுரியின் வயல்களில் இன்றும் குழி வெட்டி, தண்ணீர் இறைத்து, ‘இல்லம்’ என்று சொல்லும் சரளைப் படிவை எடுத்துக் கூடையில் அலசுகிறார்கள். நீலமும் புஷ்பராகமும் வைடூரியமும் அதில்தான் வருகின்றன. கரையில் நின்றவர் தீவு முழுவதையும் மணித்தீவு என்றார். மணி பிறந்த ஊருக்கு இரத்தினபுரி என்ற பேர் நிலைத்தது. ஒரே பொருளில் தீவுக்குப் போன பேர் மறைந்தது. ஊரில் ஊன்றிய பேர் இருக்கிறது. குழி வெட்டும் தொழில் இருக்கும்வரை அந்தப் பேருக்கு அழிவில்லை.

ஈழமும் இலங்கையும்

தமிழ் நாவில் இத்தீவுக்கு இரண்டு பேர். காவிரிப்பூம்பட்டினத்துக்கு ஈழத்திலிருந்து உணவுப்பொருள் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. சங்கப் புலவர் வரிசையில் ஈழத்துப் பூதன்தேவனார் இருக்கிறார். ஈழம் என்பது சீஹள என்பதன் தமிழ் வடிவமா, அல்லது முன்பே இருந்த தமிழ்ச் சொல்லா என்பதில் அறிஞர்கள் இரு கட்சியாக இருக்கிறார்கள். அதே சொல் தமிழில் பொன்னையும் கள்ளையும் குறித்திருக்கிறது.

இலங்கை என்ற சொல் நம்மை இராமாயணத்துக்கு அழைத்துப்போகும். ஆனால் கோதாவரிக் கரையில் போய் ‘லங்க’ என்றால் தெலுங்கர்கள் ஆற்றின் நடுவே மண் சேர்ந்து உண்டான திட்டைக் காட்டுவார்கள். அங்கே கோனசீமையில் லங்க என்று முடியும் ஊர்கள் பல. நீர் சூழ்ந்த மேடு என்ற எளிய பொருள் அந்தச் சொல்லுக்குள் கிடக்கிறது. பாளி நூல்கள் ‘லங்காதீப’ என்று மதிப்போடு சொல்லும். தீபவம்சம் ஒரு படி மேலே போய், முந்தைய புத்தர்களின் காலங்களில் இதே தீவு ஓஜதீபம், வரதீபம், மண்டதீபம் என்று வழங்கியதாகச் சொல்கிறது. யுகத்துக்கு ஒரு பேர் என்பது அந்த நூலாரின் பார்வை. காலம் மாறினால் பேரும் மாறும் என்று அவர் உணர்ந்திருந்தார்.

வென்றவர் வைத்த பேரும் ஒன்று உண்டு. 10ஆம் நூற்றாண்டின் கடைசியில் இராசராச சோழன் படையெடுத்து வென்றபோது இத்தீவின் பகுதி ‘மும்முடிச் சோழ மண்டலம்’ ஆயிற்று. பொலநறுவை ‘சனநாத மங்கலம்’ ஆயிற்று. இரண்டும் கல்வெட்டில் உண்டு, வாயில் இல்லை. கார்தர் தீவு என்ற பேர் கார்தரோடு போனதுபோல, மும்முடிச் சோழன் பேர் சோழர் ஆட்சியோடு போயிற்று. ஆளின் பேரை நிலத்தின்மீது எழுதினால், ஆள் போனதும் நிலம் அதை உதறிவிடுகிறது.

ஒரு மலை, பல பேர்

கடலைவிட்டு உள்ளே வருவோம். இரத்தினபுரி மாவட்டமும் நுவரெலியா மாவட்டமும் சந்திக்கும் எல்லையில் 2,243 மீற்றர் உயர மலையொன்று நிற்கிறது. சிங்கள மக்களுக்கு அது ஸ்ரீ பாத, சமனல கந்த. சைவர்களுக்குச் சிவனொளிபாதமலை. இசுலாமியருக்கு ஆதம் மலை. ஐரோப்பியர் அதையே எடுத்துக்கொண்டு ஆதாமின் சிகரம் என்றனர். உச்சியில் இருக்கும் அடிச்சுவடு புத்தருடையது, சிவனுடையது, ஆதமுடையது என்று ஒவ்வொருவரும் நம்பி ஏறுகிறார்கள்.

இந்த மலையின் பழைய பேர்கள் இரண்டும் ஒரே தமிழ்க் காப்பியத்தில் இருக்கின்றன. மணிமேகலை ஓரிடத்தில் தீவை இரத்தின தீவம் என்றும் அதன் சிகரத்தைச் சமந்தம் என்றும் சொல்கிறது. வேறோரிடத்தில் இலங்கா தீவம் என்றும் சமனொளி என்றும் சொல்கிறது. காப்பியத்தை இயற்றிய சாத்தனாரின் காலத்திலேயே தீவுக்கும் மலைக்கும் இரட்டைப் பேர் புழங்கின என்பது இதனால் தெளிவு.

1344இல் வந்த இபன் பதூதாவின் பயணக் குறிப்பும் இதைப் போன்றதே. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி ஆள் துணையோடு அனுப்பிவைக்க, அவர் இந்த மலையில் ஏறினார். அவர் எழுத்தில் தீவின் பேர் சைலான். மலையின் பேர் சரந்தீப். முன்பு தீவு முழுவதற்கும் இருந்த பேர், புதுப்பேர் வந்ததும் மலைமேல் ஏறி ஒதுங்கிக்கொண்டது.

தைமாதக் குளிரில் இரத்தினபுரிப் பக்கம் பலாபத்தலை வழியாகவோ, அட்டன் பக்கம் நல்லதண்ணி வழியாகவோ ஏறிப் பாருங்கள். ஒரே படியில் எல்லாச் சனமும் மூச்சு வாங்குகிறது. யாரும் யாரிடமும் ‘நீ எந்தப் பேர் மலைக்கு ஏறுகிறாய்?’ என்று கேட்பதில்லை. பல பேர்கள் ஒரு மலையில் இடிபடாமல் இருக்க முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம்.

நம் மாகாணத்தின் பேருக்கும் ஒரு வேர் உண்டு. சபரர் என்பது வடமொழியில் காட்டு வேடரைக் குறிக்கும். கமுவ என்பது சிங்களத்தில் ஊரைச் சேர்ந்த சொல். வேடர் ஊர் என்று பொருள் சொல்வது வழக்கம். இராமனுக்குக் கனி கொடுத்த சபரியின் பேரும் அந்தக் குடிப்பேர்தான். விசயனுக்கும் அவன் கைவிட்ட குவேனிக்கும் பிறந்த பிள்ளைகள் சமந்த மலைப்பக்கம் ஓடிப்போய்ப் புளிந்தர் குலமானார்கள் என்று மகாவம்சம் சொல்கிறது. அரண்மனையால் கைவிடப்பட்டவர்கள் வந்து சேர்ந்த இடம் இது என்ற நினைவு, அந்தக் கதைக்குள்ளும் மாகாணத்தின் பேருக்குள்ளும் இருக்கிறது.

துரைமார் வைத்த பேர்

போர்த்துக்கேயர் 1505இல் வந்தார்கள், பின் ஒல்லாந்தர், 1796இல் பிரித்தானியர். 1815இல் கண்டி இராச்சியமும் பிரித்தானியர் கைக்குப் போயிற்று. கண்டி என்ற பேரே வெளியார் வெட்டிக் குறைத்த பேர். சிங்களத்தில் மலைமேல் நாட்டுக்குக் ‘கந்த உட ரட்ட’ என்று பேர், தலைநகருக்கு மகாநுவர. போர்த்துக்கேயர் முதற்சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ‘கந்த’ என்றால் மலை.

கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் ஆள் திரட்டக் கங்காணிகள் தமிழ்நாட்டு ஊர்களில் இறங்கியபோது, சனங்கள் தாங்கள் போகப்போகும் இடத்தைச் சிலோன் என்றும் சொல்லவில்லை, இலங்கை என்றும் சொல்லவில்லை. ‘கண்டிச் சீமை’ என்றார்கள். தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆசை காட்டிக் கூட்டிவந்தார்கள் என்பது மலையகத்தில் எல்லா வீட்டிலும் சொல்லும் கதை. புல்லில் வெண்ணெய் சொட்டுகிறது என்ற தோரோல்ஃபின் பேச்சும், பசுமை நாடு என்ற எரிக்கின் பேரும் வடகடலில் செய்த வேலையை, இங்கே தேங்காயும் மாசியும் செய்தன. கிரீன்லாந்துக்குப் போனவர்கள் குடியானவர்களாகப் போனார்கள். கண்டிச் சீமைக்கு வந்தவர்கள் கடனாளிகளாக வந்தார்கள். கங்காணி கணக்கில் ஏறிய முன்பணம் அவர்களுக்கு முன்னே நடந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சேரவேண்டிய தோட்டத்தைக் குறிக்கும் எண் பொறித்த தகரத் தகடு கொடுத்து ஆட்களை அனுப்பினார்கள். புது நாட்டில் அவர்களுக்கு விழுந்த முதற்பேர் ஓர் எண்.

தோட்டங்களுக்கு வெள்ளைக்காரத் துரைமார் தங்கள் ஊர் நினைவில் பேர் வைத்தார்கள். எட்டியாந்தோட்டைப் பக்கத்து டனீடின், எடின்பரோ நகரின் பழைய கேலிக் பேர். இறக்குவானையின் லோடர்டேல், ஸ்கொத்லாந்துப் பள்ளத்தாக்கொன்றின் பேர். பெலிஹுல் ஓயாவுக்கு மேலே உள்ள நொன்பரேல், ‘ஈடில்லாதது’ என்ற பிரெஞ்சுச் சொல். இறக்குவானையிலேயே இருக்கும் எய்க்பர்த் தோட்டத்தின் பேர் இன்னும் தூரத்திலிருந்து வந்தது. எய்க்பர்த் லிவர்பூல் நகரின் ஒரு பகுதி. அந்தப் பேரின் வேர் ஆங்கிலமன்று, பழைய நோர்ஸ் மொழி. கருவாலி மரக் குன்று என்று பொருள். ஐஸ்லாந்துக்குப் பேர் வைத்த அதே கடலோடி இனத்தார் இங்கிலாந்தின் மேற்குக் கரையில் குடியேறி விட்டுச்சென்ற சொல் அது. ஆயிரம் ஆண்டு கழித்து அந்தச் சொல் கப்பலேறி வந்து, கருவாலி முளைக்காத ஒரு மழைமலையின்மேல் உட்கார்ந்தது. அதன் கீழே நின்று தமிழ்ப் பெண்கள் கொழுந்தெடுத்தார்கள்.

அந்தப் பெண்களோடு பேசத் துரைமாருக்கும் தமிழ் வேண்டியிருந்தது. சின்னத்துரைமார் படிப்பதற்காக 19ஆம் நூற்றாண்டில் கொழும்பில் ஒரு தமிழ்க் கையேடு அச்சாயிற்று. அதன் பேர் ‘இங்கே வா’. ஒரு மொழியின் பல்லாயிரம் சொற்களிலிருந்து நூலின் முகப்புக்கு எடுத்த சொல் ஓர் ஏவல். யார் எங்கே நின்று அழைத்தார் என்பதை இதைவிடத் துலக்கமாக எந்த ஏடும் சொல்லவில்லை.

நம் சனங்கள் தங்கள் வழியில் பேர் வைத்துக்கொண்டார்கள். யட்டியந்தொட்ட எட்டியாந்தோட்டை ஆனது. கஹவத்த காவத்தை ஆனது. ரக்வான இறக்குவானை ஆனது. பலங்கொட பலாங்கொடை ஆனது. சிங்கள ஊர்ப்பேரைத் தமிழ் நாக்கு தன் இலக்கணத்துக்குள் பணிவோடு ஏற்றுக்கொண்ட விதம் இது. பக்கத்து ஊர்க்காரனின் பேரை மாற்றாமல், தங்கள் வாய்க்குப் பழக்கிக்கொண்டார்கள். தோட்டத்துக்குள்ளே மேல்கணக்கு, கீழ்க்கணக்கு என்று பிரித்தார்கள். தேயிலை நட்ட ஒவ்வொரு பகுதிக்கும் ‘மலை’ என்று பேர்: அஞ்சாம் நம்பர் மலை, பத்தாம் நம்பர் மலை. வேலைக்குப் போவது என்றால் மலைக்குப் போவது.

1972: பேர் மாறிய நாடு

1948 பெப்ரவரி 4இல் சிலோன் என்ற பேரோடு நாடு சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு அவர்களை ஏற்கெனவே ‘இந்தியத் தமிழர்’ என்று தனி வரிசையில் எழுதியிருந்தது. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் உடன்படிக்கை செய்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மீதி 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. அந்த மீதியை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. இந்த வாக்கியங்களில் வரும் ‘பேர்’ என்ற சொல்லை நிறுத்திப் படியுங்கள். செக்ரோலில் பேர் எண்ணியதுபோலவே மனிதரையும் எண்ணிப் பிரித்தார்கள்.

இந்தப் பிரிப்பு நடந்துகொண்டிருந்தபோது, 1972 மே 22இல் புதிய அரசியலமைப்பு வந்து நாடு ஸ்ரீ லங்கா ஆயிற்று. பிறர் வாய் வைத்த சிலோனைக் கழற்றிவிட்டுத் தன் பழம்பேரை அணிந்துகொள்ள ஒரு நாட்டுக்கு உரிமை உண்டு. அந்த ஆசை நியாயமானது. ஆனால் லங்காவுக்கு முன்னால் வந்த ‘ஸ்ரீ’ தமிழருக்குப் பழைய காயத்தைத் தொட்டது. 1958இல் வாகனத் தகடுகளில் சிங்கள எழுத்து ஸ்ரீ வந்ததை எதிர்த்து வடகிழக்கிலும் மலையகத்திலும் கிளர்ச்சி நடந்திருந்தது. திரு என்ற பொருளுடைய மங்கலச் சொல் அது. எல்லோருடைய தகட்டிலும் ஒருவருடைய எழுத்தாக வந்ததால் மங்கலம் குறைந்தது.

தமிழில் மட்டும் ஓர் அமைதியான உண்மை இருக்கிறது. நாட்டின் பேர் மாறியது தமிழுக்குத் தெரியவே தெரியாது. சிலோன் மத்திய வங்கி ஸ்ரீ லங்கா மத்திய வங்கி ஆயிற்று. தமிழில் அன்றும் இன்றும் இலங்கை மத்திய வங்கி. சிலோன் போக்குவரத்துச் சபை 2005இல் ஸ்ரீ லங்கா போக்குவரத்துச் சபை ஆயிற்று. தெரணியகலை மலைப்பாதையில் ஏறும் சிவப்பு பஸ்ஸின் தமிழ் எழுத்து இலங்கைதான். இன்றைய அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதியிலும் இது இலங்கைச் சனநாயக சோசலிசக் குடியரசு. ஆங்கிலம் சட்டை மாற்றிக்கொண்டது. தமிழ் ஒரே சட்டையோடு நின்றது.

சிலோன் என்ற சொல் முழுவதும் போய்விடவில்லை. 2011இன் தொடக்கத்தில், அரச நிறுவனங்களின் பேரிலிருந்து சிலோனை நீக்கப்போவதாக அரசாங்கம் அறிவித்தபோதும் தேயிலையை மட்டும் தொடவில்லை. சிங்க இலச்சினையோடு ‘சிலோன் டீ’ என்ற பேரில் உலகச் சந்தைக்குப் போவதை மாற்றினால் நட்டம் என்று எல்லோருக்கும் தெரியும். நாடு உதறிய பேரைத் தேயிலை காப்பாற்றிவைத்திருக்கிறது. அந்தத் தேயிலைக்கு மணம் கொடுத்தவை தோட்டப் பெண்களின் விரல்கள். அந்தப் பேரைத் தாங்கிய இன்னொரு கூட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது. உடன்படிக்கைப்படி தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கி, நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்தவர்களைத் ‘தாயகம் திரும்பியோர்’ என்றது அரசாங்கம். பக்கத்து ஊரார் ‘சிலோன்காரர்’ என்றார்கள். இங்கே இந்தியத் தமிழர், அங்கே சிலோன்காரர். எந்த மண்ணில் நின்றாலும் அவர்களுக்கு எதிர்க்கரையின் பேரே விழுந்தது.

மலை என்ற பேர்

இதுவரை பார்த்த பேர்களில் பெரும்பாலானவை கப்பலிலிருந்தோ, அரண்மனையிலிருந்தோ, பங்களா வாசலிலிருந்தோ, பேச்சுவார்த்தை மேசையிலிருந்தோ வந்தவை. இவற்றுக்குப் பக்கத்தில், தோட்ட மக்கள் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட பேர் மலையகம், மலையகத் தமிழர் என்பது. ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் தொழிற்சங்கத்தாரும் இளைஞர்களும் அதை எடுத்து வளர்த்தார்கள். தோட்ட வேலைக்கு வந்த 200 ஆண்டு நினைவாக 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை, முன்னோர் வந்த தடத்தில் மக்கள் நடந்தபோது ‘மாண்புமிகு மலையக மக்கள்’ என்றே தங்களைச் சொல்லிக்கொண்டார்கள்.

கேகாலையின் தாழ்ந்த இறப்பர்க் காட்டில் பால் வெட்டுகிறவரைப் பார்த்து, ‘இது மலையா? உங்களுக்கு இந்தப் பேர் பொருந்துமா?’ என்று கேட்பவர்கள் உண்டு. தெஹியோவிட்டையிலும் ருவன்வெல்லையிலும் நிலம் உயரம் குறைந்ததுதான். சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிறு சிறு கூட்டமாகத்தான் நம் சனங்கள் இருக்கிறார்கள். ஆனால் உயரத்தை அளந்து இந்தப் பேரை யாரும் வைக்கவில்லை. லயம், பிரட்டு, செக்ரோல், அரைப் பேர், நாடற்ற காலம் என்று எல்லாவற்றையும் சேர்ந்து பட்டவர்கள் சேர்ந்து எடுத்துக்கொண்ட பேர் அது. வேலைத்தளத்துக்கு இருந்த பேரை வாழ்வுக்கும் இனத்துக்கும் உரிய பேராக உயர்த்தினார்கள்.

இந்தப் பேரின் வேர் அவர்கள் எண்ணியதைவிட ஆழத்தில் இருக்கிறது. பதினைந்து நூற்றாண்டுக்கு முந்திய மகாவம்சம் இந்த மத்திய மலைப்பகுதியை ‘மலய’ என்றே அழைக்கிறது. மலை என்ற திராவிடச் சொல்லே அதற்கு மூலம். சிங்களத்தின் கந்த கண்டியாயிற்று. பாளியின் மலய ஏட்டில் இருந்தது. தோட்டத்துத் தமிழரின் மலை மலையகமாயிற்று. பாளி ஏட்டை அறியாத கொழுந்துக்காரிகள் தங்கள் வேலையிலிருந்து ஒரு பேரை எடுத்தார்கள். அது இந்த நிலத்தின் மிகப் பழைய பேர்களில் ஒன்றோடு போய்ப் பொருந்திற்று. வந்தேறிகள் என்று சொல்லப்பட்டவர்களின் வாயில் நிலம் தன் பழம்பேரை மறுபடி சொல்லிக்கொண்டது என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

கார்தரின் பேரும் மும்முடிச் சோழன் பேரும் உதிர்ந்தன. எய்க்பர்த்தும் லோடர்டேலும் பலகைகளில் இருக்கின்றன. இரத்தினபுரி இருக்கிறது, குழி வெட்டுகிறவர்கள் இருப்பதால். 2003இன் 35ஆம் இலக்கச் சட்டத்தோடு, நாடற்றவராக எஞ்சியிருந்த இந்திய வம்சாவளியினருக்கும் பிரசாவுரிமை கிடைத்தது. நாட்டின் செக்ரோலில் 55 ஆண்டு பிந்தி அவர்களுடைய பேரும் விழுந்தது. அது சட்டம் எழுதிய பேர். மலையகம் என்பதை எழுத அவர்கள் எந்தக் கணக்கப்பிள்ளைக்காகவும் காத்திருக்கவில்லை.

நாளை விடிந்ததும் காவத்தையிலும் இறக்குவானையிலும் பிரட்டுக்களத்தில் கூடைக்காரப் பெண்கள் வந்து நிற்பார்கள். “இன்னைக்கு எந்த மல?” என்று கேட்பார்கள். ஒரு மக்கள் கூட்டத்தின் பேர் அந்தக் கேள்வியில்தான் பிறந்தது.